பேரனுக்கு நட்சத்திரம் காட்டிய வாத்தியார்

கபீரின் பாடல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர். சாந்திநிகேதனில் அரை நூற்றாண்டு வாழ்ந்து பாடம் சொன்னவர். தன்னை நாத்திகன் என்று அறிவித்த பேரனுக்கு இந்து மதத்துக்குள்ளேயே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தவர். க்ஷிதிமோகன் சென்னை உலகம் இன்று பேரனின் பெயரால்தான் அறிகிறது.

இருட்டு விலகியிருக்காது. சாந்திநிகேதனில் கூரை வேய்ந்த சின்ன வீடு ஒன்றிலிருந்து அறுபதைத் தாண்டிய ஒருவர் நடக்கக் கிளம்புவார். காலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவது அவரது நெடுநாள் பழக்கம். பேரன் விழித்திருந்தால் அவனும் கூடவே ஓடுவான். செம்மண் பாதையில் நடந்தபடி தாத்தா வானத்தைக் காட்டுவார். நட்சத்திரங்களை அவருக்கு சமஸ்கிருதப் பெயர்களில்தான் நன்றாகத் தெரியும். சிலவற்றுக்கு மட்டும் ஆங்கிலப் பெயரும் சேர்ந்து வரும். நட்சத்திரங்களில் பேரனுக்கு ஆர்வம் கொஞ்சம்தான். ஆனால் தாத்தாவைக் கேள்வி கேட்டுக் குடைய இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

தாத்தாவின் பெயர் க்ஷிதிமோகன் சென். பேரன், 1998இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென். நோபல் அறிவிப்பு வந்தபோது பத்திரிகைகள் பெற்றோரைப் பற்றி எழுதின, பெயர் வைத்த தாகூரைப் பற்றி எழுதின. தாயைப் பெற்ற தாத்தாவுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். பின்னாளில், முக்கியமாக 2021இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில், அந்தக் குறையைப் பேரனே தீர்த்து வைத்தார். தாத்தா பாட்டியோடு கழித்த காலத்துக்கு அதில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது.

வங்காளத்திலும் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். டாக்கா பல்கலைக்கழகத்தில் ரசாயனப் பேராசிரியராக இருந்த அசுதோஷ் சென்னின் மனைவி அமிதா, 1933 நவம்பரில் பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்தார். வீடு குருபள்ளியில் இருந்தது. ஆசிரியர்களின் குடியிருப்பு என்று பொருள். நம் ஊர்ப்பெயர்களில் வருகிற 'பள்ளி'யின் உறவுச் சொல்தான் இது. அமிதாவின் தாயார் கிரண்பாலா பிரசவம் பார்ப்பதில் கைதேர்ந்தவர். அந்த வட்டாரக் குழந்தைகள் பலர் அவர் கையில் பிறந்தவர்கள்தான். பிள்ளைக்கு வழக்கமான பெயர் எதுவும் வேண்டாம், மரணமற்றவன் என்று பொருள்படும்படி அமர்த்தியா என்று வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் பக்கத்திலேயே குடியிருந்த தாகூர்.

1941இல் அந்தப் பிள்ளை மறுபடி தாத்தா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். இந்த முறை காரணம் யுத்தம். கல்கத்தாவிலும் டாக்காவிலும் ஜப்பானியர் குண்டு போடுவார்கள், போல்பூர் பக்கத்துச் சின்ன ஊரை யாரும் சீண்ட மாட்டார்கள் என்று அசுதோஷ் கணக்குப் போட்டார். டாக்காவின் செயின்ட் கிரிகோரிஸ் பள்ளியில் 37 பேர் இருந்த வகுப்பில் 33ஆவது ராங்க் வாங்கிக்கொண்டிருந்த பையன், ராங்க் என்பதையே யாரும் பெரிதாக மதிக்காத பள்ளிக்கு வந்தான். அங்கே ஓர் ஆசிரியர் ஒரு மாணவியைப் பாராட்டிய விதத்தை அமர்த்தியா சென் பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார். மார்க் நன்றாக வாங்கினாலும் நிஜமாகவே யோசிக்கத் தெரிந்த பெண் என்றாராம் அவர்.

அந்தப் பள்ளியின் மூத்த ஆசிரியர்களில் ஒருவர்தான் க்ஷிதிமோகன். பேரன் வந்து சேர்ந்தபோது அவர் அங்கே 33 வருடங்களைக் கழித்திருந்தார்.

அவர் காசியில் பிறந்தவர். ஆண்டு 1880. குடும்பத்தின் பூர்வீகம் டாக்காவை அடுத்த விக்ரம்பூரின் சோனாரங் கிராமம். அப்பா புவன்மோகன் ஆயுர்வேத வைத்தியர், ஆசாரம் மிக்கவர். பையன் சமஸ்கிருதத்தில் தேறிக்கொண்டிருந்தவரை வீட்டுக்குப் பிரச்னை இல்லை. ஆனால் பதின்பருவத்திலேயே அவன் கபீர் பந்திகளோடு சேரத் தொடங்கினான். பதினைந்தாம் நூற்றாண்டில் அதே காசியில் தறி நெய்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை கபீர். கோயிலையும் மசூதியையும் ஒரே மூச்சில் கேலி செய்தவர். பண்டிதர்களின் நகரத்தில் வைத்தியர் வீட்டுப் பிள்ளை, எழுதப் படிக்கத் தெரியாத சாதுக்களின் கால்மாட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டான்.

பகலில் குவீன்ஸ் காலேஜ், மற்ற வேளைகளில் மடங்கள். இரண்டையும் அவர் கடைசிவரை விடவில்லை. சமஸ்கிருதத்தில் எம்.ஏ. முடித்தார். இமயமலை அடிவாரத்துச் சம்பா சமஸ்தானத்தில் கல்வித்துறை வேலை கிடைத்தது. பெரிய குடும்பத்தைத் தாங்க வேண்டியவருக்கு அது நிம்மதியான உத்தியோகம். அந்த நேரத்தில்தான் தாகூரிடமிருந்து கடிதம் வந்தது.

தாகூரின் பள்ளி 1901 டிசம்பரில் ஐந்தே மாணவர்களோடு தொடங்கியது. பணக் கஷ்டம் தீராத பள்ளி. அதற்கு வாத்தியார் தேடிக்கொண்டிருந்த கவிஞரிடம் க்ஷிதிமோகனைப் பற்றிச் சொன்னவர் காளிமோகன் கோஷ். சாஸ்திரங்களைக் கரைத்துக் குடித்தும் மனம் குறுகாதவர் ஒருவர் இருக்கிறார், அந்தத் தாராளமே சாஸ்திரத்திலிருந்துதான் வந்தது என்று அவர் வாதாடுகிறார் என்பதுதான் தாகூரை ஈர்த்தது. இப்படி ஒருவரை விட முடியுமா? சமஸ்தான வேலையைவிட்டு, அடுத்த மாதச் சம்பளம் நிச்சயமில்லாத ஓர் ஆசிரமத்துக்குப் போவதா என்று க்ஷிதிமோகன் தயங்கினார். தாகூர் விடாமல் எழுதினார். 1908இல் மூட்டை முடிச்சோடு போல்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்கியவர், 1960இல் இறக்கும்வரை அந்த ஊரின் மனிதராகவே இருந்தார்.

சாந்திநிகேதனை இப்போது பார்க்கிறவர்களுக்கு அன்றைய நிலை புரிவது கடினம். 1951இலிருந்து மத்தியப் பல்கலைக்கழகம், 2023இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம், டிசம்பரில் பௌஷ மேளா என்றால் கல்கத்தாவே திரண்டு வரும். அன்றைக்கு அது செம்மண் பொட்டலில் ஒரு தோப்பு. மரத்தடியில் வகுப்பு. மாணவர்கள் ஆளுக்கொரு ஆசனத்தைக் கையில் எடுத்து வந்து விரித்து உட்காருவார்கள். மழை வந்தால் வகுப்பு கலையும். பிரம்பு கிடையாது. ஆசிரியர்களைப் பெயரோடு 'தா' (அண்ணன்), 'தி' (அக்கா) சேர்த்துக் கூப்பிடுவது வழக்கம்.

இந்தச் சூழலுக்காகவே செய்தவர் போலிருந்தார் க்ஷிதிமோகன். கதை சொல்வதில் வல்லவர், நகைச்சுவைக்காரர். உபநிஷதத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கிராமத்துப் பாடகரின் சொல்லை வைத்துப் பேசுவார். இரண்டுக்கும் ஒரே மரியாதை. சாந்திநிகேதனில் புதன்கிழமைதான் வார விடுமுறை. அன்று காலை, விக்கிரகம் எதுவும் இல்லாத கண்ணாடி மந்திரில் எல்லோரும் கூடுவார்கள். தாகூர் மறைந்த பிறகு அந்தக் கூட்டங்களில் பெரும்பாலும் பேசியவர் க்ஷிதிமோகன்தான். உரைகள் சற்று நீளம் என்பதைப் பேரனே மறைக்கவில்லை.

பள்ளி விடுமுறை நாட்களில் வேறொரு க்ஷிதிமோகன் கிளம்பிவிடுவார். வங்காளம், ராஜஸ்தான், குஜராத், காசி என்று கால் போன போக்கில் போய் சாதுக்களையும் பாடகர்களையும் தேடிப் பிடித்துப் பாடச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்வார். இந்தியும் குஜராத்தியும் சரளமாக வரும் என்பதால் எந்தத் திண்ணையும் அவருக்கு அந்நியமில்லை. பக்தி தென்திசையில் பிறந்து ராமானந்தர் வழியாக வடக்கே வந்தது என்று கபீர் மரபினர் சொல்வதுண்டு. ஆழ்வார்களும் நாயன்மார்களும் தொடங்கி வைத்த ஒரு விஷயத்தின் வடக்கத்திய வாரிசுகளைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார் என்றும் சொல்லலாம்.

இந்த அலைச்சலில் விளைந்தது 1910-11இல் நான்கு பாகங்களாக வெளிவந்த 'கபீர்'. மூலமும் வங்காள மொழிபெயர்ப்பும் சேர்ந்த தொகுப்பு. தாகூர் அதில் மூழ்கிப்போனார். காளிமோகன் கோஷின் துணையோடு அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் அதிலிருந்து சில பாடல்களை மொழிபெயர்த்து 1913இல் 'மாடர்ன் ரெவ்யூ'வில் வெளியிட்டார். 1914இல் நூறு பாடல்கள் தாகூரின் ஆங்கிலத்தில் லண்டனில் வந்தன. மேலை நாடுகள் அதன் பிறகு பல பத்தாண்டுகள் கபீர் என்று படித்தது அந்த நூறு பாடல்களைத்தான். அட்டையில் நோபல் பரிசு பெற்ற கவிஞரின் பெயர் இருந்தது. பாடல்களைத் தெருத்தெருவாகச் சேகரித்த பள்ளி வாத்தியாருக்கு முன்னுரையில் ஒரு நன்றி கிடைத்தது. அவர் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

வேறொரு விமர்சனம் அவரை நெடுங்காலம் தொடர்ந்தது. இந்தப் பாடல்கள் உண்மையிலேயே கபீருடையவைதானா?

பிற்கால ஆய்வாளர்கள் பழைய கையெழுத்துப் பிரதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, க்ஷிதிமோகன் தொகுப்பில் உள்ள பல பாடல்கள் அவற்றில் இல்லை. பவுல் பாடல்கள் விஷயத்திலும் இதே சந்தேகம் எழுந்தது. வங்காளத்தின் நாடோடிப் பாடகர்களான பவுல்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை தாகூர் தன் 'மனிதனின் மதம்' என்ற ஆக்ஸ்போர்டு உரைநூலில் (1931) பின்னிணைப்பாகவே சேர்த்திருந்தார். ஆனால் அவர் தந்த பாடல்கள் சிலவற்றை வேறு எந்தப் பாடகரிடமும் தங்களால் கேட்க முடியவில்லை என்றார்கள் நாட்டார் பாடல் ஆய்வாளர்கள். அவருடைய கபீரில் சாந்திநிகேதன் வாடை அடிக்கிறது என்று நினைத்தவர்களும் உண்டு.

க்ஷிதிமோகனின் பதில் எளிமையானது. கபீர் ஏட்டில் இல்லை, வாயில் இருக்கிறார். ஏடுகளை எழுதி வைத்தவர்கள் மடங்களின் ஆட்கள், தங்களுக்கு வேண்டியதை மட்டும் எழுதிக்கொண்டவர்கள். பாடுகிறவர்களிடம் இருப்பதே உயிருள்ள கபீர். தனக்குப் பாடிக் காட்டிய சாதுக்கள் சிலரின் பெயர்களை அவர் முன்னுரையில் கொடுத்திருந்தார். ஆய்வாளர்களுக்கு அது போதவில்லை. 1930லிருந்து சாந்திநிகேதனில் இந்தி கற்பித்த ஹஜாரி பிரசாத் திவிவேதி, 1942இல் தான் எழுதிய புகழ்பெற்ற 'கபீர்' நூலில் மூத்த சகாவின் தொகுப்பை மதித்துப் பயன்படுத்தினார். அந்த வட்டாரத்துக்கு வெளியே வாதம் ஓயவில்லை.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. பாடல் எந்த நூற்றாண்டுக்கு உரியது என்று கேட்கிறவரிடம், பாடியவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்று சொல்லிவிட முடியாது. அதே சமயம், ஏட்டில் ஏறாத காரணத்தாலேயே ஒரு பாட்டைப் பொய் என்று தள்ளினால் எழுத்தறியாதவர்களின் இலக்கியத்தில் என்ன மிஞ்சும்? கபீரைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் எழுத்தறியாதவர்கள்தான்.

இந்த வழக்கில் மிக நல்ல சாட்சியத்தை க்ஷிதிமோகனே பதிவு செய்திருக்கிறார். ஒருமுறை ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒரு பவுலிடம் கேட்டார்: உங்களைப் பற்றி வருங்காலத்துக்கு ஏன் எதையும் எழுதி வைப்பதில்லை? அப்போது ஆற்றில் தண்ணீர் வடிந்து கிடந்தது. படகுக்காரர்கள் சிலர் சேற்றில் படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போன வழியெல்லாம் நீளமாகத் தடம். பவுல் அதைக் காட்டினார். நிறைவெள்ளத்தில் போகிற படகு தடம் விடுமா, சேற்றில் இழுபடுகிற படகுதானே விடும் என்பது அவர் சொன்னதன் சாரம். அவரிடம் பாட்டை வாங்கி எழுதிக்கொண்டு வந்தவர், சேற்றுப் படகின் வேலையைத்தான் ஆயுள் முழுக்கச் செய்தார்.

கபீருக்குப் பிறகு அவர் நீண்ட காலம் உழைத்தது பதினாறாம் நூற்றாண்டின் ராஜஸ்தானத்து ஞானி தாது தயாள் மீது. 'தாதூ' என்ற அந்தப் பெரிய நூல் 1935இல் வந்தது. வங்காளத்தில் தாத்தாவைக் கூப்பிடுகிற சொல்லும் கிட்டத்தட்ட அதுவேதான். பேரனுக்கு அவர் எப்போதும் 'தாது'. அமிதாவுக்கு அவர் எப்படிப்பட்ட அப்பாவாக இருந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடையேறுவதை கல்கத்தா முகம் சுளித்துப் பார்த்த காலத்தில், அமிதா தாகூரின் நாட்டிய நாடகங்களில் முக்கிய வேடங்களில் நடித்தார். ஜப்பானிய ஆசிரியரிடம் ஜூடோவும் கற்றார். பிற்காலத்தில் 'ஸ்ரேயசி' என்ற பெண்கள் பத்திரிகையை நடத்தினார். பண்டைய இந்தியாவில் பெண்கள் நிலை பற்றி ஒரு புத்தகமும், சாதிப் பிரிவினை பற்றி ஒன்றும் எழுதியவர் க்ஷிதிமோகன். புத்தகத்தில் எழுதியதை வீட்டிலும் கடைப்பிடித்தார் என்பதற்கு மகளே சாட்சி.

தாத்தா வீட்டில் சாப்பாட்டை விடப் பேச்சு அதிகம். அங்கே அடிபட்ட ஒரு பழைய கதையை அமர்த்தியா சென் பதிவு செய்திருக்கிறார். க்ஷிதிமோகனின் அண்ணன் தன் முஸ்லிம் நண்பரோடு உட்கார்ந்திருக்கிறார். நண்பர் ஹூக்கா புகைத்துக்கொண்டிருக்கிறார். அந்த வழியாக வந்த ஒரு புரோகிதரை அவர் வாங்களேன் என்று அழைக்க, நீங்கள் வேறு, நாங்கள் வேறு என்று புரோகிதர் ஒதுங்கினார். அப்படியெல்லாம் இல்லை என்றார் முஸ்லிம் நண்பர். நீங்கள் விவரமறியாத இந்துக்களை வைத்துப் பிழைக்கிறீர்கள், நான் விவரமறியாத முஸ்லிம்களை வைத்துப் பிழைக்கிறேன், இருவருக்கும் தொழில் ஒன்றுதானே! மதத்தைப் பற்றி விடிய விடியப் பேசக்கூடிய ஒரு பக்திமான் இந்தக் கதையை ரசித்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

பிறகு 1943 வந்தது. பேரனுக்கு வயது ஒன்பது. கிராமங்களிலிருந்து எலும்பும் தோலுமாக மனிதர்கள் கல்கத்தாவை நோக்கி நடந்தார்கள். வழியில் சாந்திநிகேதன். வாசலில் வந்து கை நீட்டுகிறவர்களுக்கு அரிசி போடும் வேலை பையனுக்குக் கிடைத்தது. அளவு, ஒரு சிறிய சிகரெட் டின். ஒரு குடும்பத்துக்கு ஒரு டின், அதற்கு மேல் கூடாது, மனது கேட்காவிட்டாலும் கூடாது என்பது தாத்தா பாட்டி வீட்டு விதி. இருப்பது கொஞ்சம், வருகிறவர்கள் பலர். வங்காளத்தில் இருபது முதல் முப்பது லட்சம் பேரைக் கொண்டுபோன அந்தப் பஞ்சத்தில் அரிசி அடியோடு இல்லாமல் போய்விடவில்லை, ஏழையின் கைக்கு அதை வாங்கும் சக்தி இல்லாமல் போனது என்று 1981இல் ஒரு புத்தகம் வாதிட்டது. எழுதியவர் அந்தச் சிகரெட் டின்னைப் பிடித்திருந்தவர்.

அடுத்த ஆண்டு விடுமுறைக்கு டாக்கா போயிருந்தபோது வேறொன்று. முதுகில் கத்திக்குத்து வாங்கி ரத்தம் சொட்டச் சொட்ட ஒருவர் வீட்டுக்குள் ஓடி வந்தார். காதர் மியா என்ற முஸ்லிம் கூலித் தொழிலாளி. கலவர நேரத்தில் இந்துக்கள் வாழும் பகுதிக்குப் போகாதே என்று மனைவி தடுத்தும், வீட்டில் சோறு இல்லை என்பதால் வேலை தேடி வந்தவர். பையன் தண்ணீர் கொடுத்துக் கத்தினான். அப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பிழைக்கவில்லை.

சாந்திநிகேதனில் தாத்தா இதற்கெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார்? எழுதிக்கொண்டிருந்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து கட்டிய இசை, கவிதை, சிற்பம், ஆன்மிகம் பற்றிய அவரது சிறு புத்தகம் தேசப் பிரிவினையை ஒட்டிய ஆண்டுகளில் வந்தது. அவருடைய சொந்த விக்ரம்பூர் வேறு நாடாகிப் போயிருந்த சமயம். இரண்டு மதங்களும் ஒன்றையொன்று சகித்துக்கொண்டன என்று சொல்வதே அவருக்குப் பிடிக்காது. சகிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது, சேர்ந்து அல்லவா உருவாக்கினார்கள் என்பது அவர் கட்சி. அந்த நேரத்தில் இதைக் காதில் போட்டுக்கொள்ள ஆள் குறைவு. இப்போதும் அதிகமில்லை.

பேரனுடன் அவருக்கு நடந்த வாதம் இதைவிடச் சின்னது. நெடுங்காலம் ஓடியது. தனக்கு மதத்தில் ஈடுபாடு வரவில்லை என்று சிறுவன் ஒருநாள் தாத்தாவிடம் போய்ச் சொன்னான். ஆசிரமத்தின் ஆன்மிக உரைகளை நிகழ்த்துகிறவரின் சொந்தப் பேரன்! தாத்தா அலட்டிக்கொள்ளவில்லை. சுயமாக யோசிக்கும் வயது வரும்வரை மத நம்பிக்கை இருக்க வேண்டிய அவசியமில்லை, அது காலப்போக்கில் வரும் என்றார். சில வருடங்கள் காத்திருந்துவிட்டுப் பேரன் மறுபடியும் போனான். யோசித்துப் பார்த்தாயிற்று, வரவில்லை, நீங்கள் சொன்னது தப்பு என்றான். தப்பே இல்லை என்றார் தாத்தா. கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டாய். இந்து மரபின் பலவகைப் போக்குகளில் லோகாயதர்களின் பக்கம் போய் நின்றிருக்கிறாய். அவ்வளவுதான்.

கடவுள், மறுபிறவி, வேதம் மூன்றையும் மறுத்தவர்கள் லோகாயதர்கள். பதினான்காம் நூற்றாண்டில் மாதவாச்சாரியார் தரிசனங்களைத் தொகுத்தபோது முதல் அத்தியாயத்தையே அவர்களுக்குத்தான் கொடுத்தார். சமஸ்கிருதம் படித்த தாத்தாவுக்கு இது தெரியும். பேரனுக்கும் சமஸ்கிருதத்தில் பிடிப்பு இருந்ததால் அவனும் படித்துத் தெரிந்துகொண்டான். வீட்டைவிட்டுப் போகிறேன் என்று கிளம்பியவனுக்கு, நீ நிற்பதும் நம் வீட்டுக் கொல்லைதான் என்று தாத்தா காட்டிவிட்டார். பேரன் இதை ஏற்றுக்கொண்டாரா என்றால், புன்னகையோடு திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார் என்பதுதான் பதில்.

பட்டங்களும் பதவிகளும் க்ஷிதிமோகனைத் தேடித் தாமதமாகத்தான் வந்தன. தாகூரோடு 1924இல் சீனா போன சிறு குழுவில் நந்தலால் போஸுடன் அவரும் இருந்தார். 1952இல் விஸ்வபாரதி தன் உயரிய கௌரவமான தேசிகோத்தம பட்டத்தை முதன்முதலாக அவருக்கு அளித்தது. 1953-54இல் தற்காலிகத் துணைவேந்தர் பொறுப்பையும் சுமந்தார். மரத்தடி வகுப்பில் நிம்மதியாக இருந்த வாத்தியாருக்கு அப்போது வயது எழுபதுக்கு மேல்.

அந்த நாட்களில்தான் பெங்குவின் நிறுவனம் இந்து மதம் பற்றி எளிமையாக ஒரு புத்தகம் கேட்டது. ஆங்கிலத்தில் எழுதிப் பழக்கமில்லாத க்ஷிதிமோகன் வங்காளத்தில் எழுதினார். சாந்திநிகேதனின் சிசிர் குமார் கோஷ் மொழிபெயர்ப்பில் உதவினார். ஆங்கிலப் பிரதியைத் திருத்தி ஒழுங்கு செய்கிற வேலையை, இருபத்து மூன்றாம் வயதிலேயே ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத் துறைத் தலைவராகி, பிறகு கேம்பிரிட்ஜின் ட்ரினிட்டி காலேஜில் ஃபெலோ ஆகியிருந்த பேரனிடம் கொடுத்தார் தாத்தா. மதத்தைப் பற்றிய புத்தகம், திருத்துகிறவர் நாத்திகர். அவருக்கு அதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை. வேதத்துக்கும் உபநிஷதத்துக்கும் கொடுத்த அக்கறையை பவுல்களுக்கும் மத்தியகால ஞானிகளுக்கும் கொடுத்த அந்தச் சின்னப் புத்தகம் அச்சாகி வருவதைப் பார்க்க அவர் இல்லை. 1960 மார்ச்சில் காலமானார். புத்தகம் 1961இல் வந்தது.

2005இல் அதற்குப் புதுப்பதிப்பு ஒன்று வந்தது. அயோத்தியும் குஜராத்தும் நடந்து முடிந்திருந்தன. இந்து மதம் என்றால் எது என்ற கேள்விக்குத் தெருவில் வேறு பதில்கள் கேட்டுக்கொண்டிருந்தன. புதிய முன்னுரையில் தாத்தாவை நினைவுகூர்ந்து எழுதிய பேரனுக்கு அப்போது 71 வயது. இன்னமும் லோகாயதர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.